கையைத் தூக்கினால் வலிக்கும் தோள்: தோள் இடுக்கு வலியை அறிவோம், ஆற்றுவோம்

“கையைத் தொங்கவிட்டால் ஒன்றும் தெரியவில்லை, டாக்டர். மேலே தூக்கினால்தான் உயிர் போகிறது.” எங்கள் எலும்பு மூட்டுப் புறநோயாளர் பிரிவில் வாரந்தோறும் நாங்கள் கேட்கும் சொற்கள் இவை. இவற்றைச் சொல்பவர் ஒரு நாள் ஒரகடத்தில் வாகனத்தின் அடியில் நின்று மேல்நோக்கி போல்ட் முடுக்கும் தொழிலாளியாக இருப்பார். மறுநாள் கூரைக்கு வண்ணம் பூசும் பெயின்டராக இருப்பார். அதற்கடுத்த நாள் மறைமலை நகரின் அடுக்குமாடி வீடொன்றில் கொடியில் ஈரத்துணி உலர்த்தும் இல்லத்தரசியாக இருப்பார். தொழில் வேறு, வயது வேறு. வலி மட்டும் ஒன்றே.

அவர்கள் கொண்டுவரும் அச்சங்களும் ஏறக்குறைய ஒன்றே. “தசை கிழிந்துவிட்டதா? ஆபரேஷன் செய்ய வேண்டுமா? வேலை போய்விடுமா?” இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இவ்வலி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. முறையான உடற்பயிற்சியும், வேலை செய்யும் விதத்தில் சில மாற்றங்களும், ஏறத்தாழ மூன்று மாதப் பொறுமையுமே முதன்மையான மருந்து. ஏன் அவ்வாறு கூறுகிறோம் என்பதை இனி விளக்குவோம்.

தோளின் அமைப்பு

நம் உடலில் மிக அதிகமாக அசையக்கூடிய மூட்டு தோள் மூட்டே. கையை முன்னும் பின்னும், மேலும் கீழும், வட்டமாகவும் சுழற்ற முடிவது இதனால்தான். இந்தச் சுதந்திரத்திற்கு ஒரு விலை உண்டு. மேற்கை எலும்பின் தலை பந்துபோலப் பெரியது. அது அமரும் குழியோ ஆழமற்றது. அகல் விளக்கின் மேல் ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தாற்போல என்று எண்ணிக்கொள்ளலாம். பழம் நழுவாமல் இருக்க அதை எப்போதும் யாரேனும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பணியை நான்கு சிறிய தசைகள் செய்கின்றன. அவற்றின் தசைநாண்கள் பந்தின் மேல் குல்லாய் போலப் போர்த்தி, அதைக் குழியின் நடுவில் நிறுத்துகின்றன. இத்தசைக் கூட்டத்தையே மருத்துவர்கள் ‘ரொட்டேட்டர் கஃப்’ என்கின்றனர். தமிழில் சுழற்றுத் தசைகள் எனலாம்.

இந்தத் தசைநாண்களுக்கு மேலே, கூரைபோல நீண்டிருப்பது தோள்பட்டை எலும்பின் நுனி. இதன் பெயர் அக்ரோமியன். கூரைக்கும் பந்துக்கும் இடையே உள்ள இடைவெளி சுமார் ஒரு சென்டிமீட்டர். அந்தச் சிறிய இடுக்கில்தான் சுப்ராஸ்பைனேட்டஸ் என்னும் தசையின் நாணும், உராய்வைக் குறைக்கும் மெல்லிய மசகுப் பையும் அமைந்துள்ளன.

நாம் கையை உயர்த்தும்போது, தோளின் வெளிப்புறத்தில் உள்ள பெரிய தசை பந்தை மேல்நோக்கி இழுக்கிறது. அதே நேரத்தில் சுழற்றுத் தசைகள் பந்தைக் குழிக்குள் அமுக்கிப் பிடிக்கின்றன. முதுகில் உள்ள தோள்பட்டை எலும்பும் சற்றுச் சுழன்று, கூரையை உயர்த்தி வழிவிடுகிறது. இம்மூன்றும் ஒருங்கிணைந்தால் வலி இல்லை. சுழற்றுத் தசைகள் சோர்ந்துபோனாலோ, தோள்பட்டை எலும்பு உரிய நேரத்தில் சுழலாவிட்டாலோ, இடுக்கில் உள்ள தசைநாணும் மசகுப் பையும் தாங்கும் அளவுக்கு மேல் அழுத்தம் பெறுகின்றன. அவை எரிச்சலுற்று வீங்குகின்றன. வீங்கினால் இடம் மேலும் குறைகிறது. இவ்வாறு தொடர்வதே ‘இம்பிஞ்ச்மென்ட்’ எனப்படும் தோள் இடுக்கு வலி.

யாருக்கு வருகிறது?

நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் இது மிகுதி. தசைநாணின் தரம் வயதுடன் சிறிது சிறிதாகக் குறைவது இயற்கை. அதன்மேல் தோளுக்கு மேலான வேலை திரும்பத் திரும்பச் சுமத்தப்படும்போது வலி வெளிப்படுகிறது.

எங்கள் பகுதியின் வாழ்க்கை இதற்கு நிறைய இடம் கொடுக்கிறது. மறைமலை நகரில் கார் ஆலை அமைத்திருந்த ஃபோர்டு நிறுவனம், 2018-இல் உலகெங்கும் உள்ள தன் ஆலைகள் பதினைந்தில், கைகளைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு விசேஷ அங்கியைத் தொழிலாளர்களுக்கு வழங்குவதாக அறிவித்தது. வாகனத்தின் அடிப்பாகத்தில் வேலை செய்யும் சிலர் ஒரு நாளைக்குச் சராசரியாக 4,600 முறை கைகளை மேலே தூக்குகின்றனர் என்று அப்போது அந்நிறுவனமே கூறியது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ பத்து லட்சம் முறை. தோள் வலி சோம்பேறித்தனத்தின் அடையாளமன்று, உழைப்பின் சுவடு என்பதை உணர்த்த இந்த ஓர் எண்ணே போதும்.

ஆலைக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. கம்பெனிப் பேருந்தில் ஒரு மணி நேரம் மேல்கம்பியைப் பிடித்து நின்றபடி பயணம் செய்தல், பரணில் இருந்து கனமான பாத்திரங்களை இறக்குதல், பொங்கலுக்கு முன் ஒரே நாளில் வீடு முழுவதும் ஒட்டடை அடித்தல், பல மாத ஓய்வுக்குப் பின் திடீரென ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிரிக்கெட் பந்து வீசுதல் ஆகியவை எடுத்துக்காட்டுகள். பழக்கமில்லாத தசைக்குத் திடீரென அளவுக்கு மீறிய வேலை கொடுப்பதே இவற்றில் பொதுவான குறை. புகைபிடித்தலும் நீரிழிவும் தசைநாண் ஆறுவதைத் தாமதப்படுத்துகின்றன.

அறிகுறிகள்

வலி பெரும்பாலும் தோளின் உச்சியில் தெரிவதில்லை. மேற்கையின் வெளிப்புறத்தில், சட்டைக் கை முடியும் இடத்திற்கு அருகில் தெரியும். அதனால் பலர் ‘கை வலி’ என்றே கருதுகின்றனர். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது தொடக்கத்தில் வலி இருக்காது. பாதி உயரத்தில், அதாவது ஏறத்தாழ 60 முதல் 120 பாகை வரை, வலி கடுமையாகும். அதைக் கடந்தால் மீண்டும் குறையும். அந்தப் பக்கமாகப் படுத்தால் இரவில் உறக்கம் கலையும். சட்டை அணிதல், தலை வாருதல், முதுகுப்புறம் கையைக் கொண்டுசெல்லுதல் ஆகியவை கடினமாகும்.

எல்லாத் தோள் வலியும் இதுவன்று. ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ எனப்படும் உறைந்த தோளில் மூட்டே இறுகிப்போகிறது. நோயாளி தானாக உயர்த்தினாலும் உயராது. மற்றவர் உதவி செய்து உயர்த்தினாலும் உயராது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்புறம் திருப்புவதும் இயலாது. நீரிழிவு உள்ளவர்களிடம் இது மிகுதி. தோள் இடுக்கு வலியிலோ, மற்றவர் மெதுவாகத் தாங்கி உயர்த்தினால் கை பெரும்பாலும் மேலே செல்லும். கழுத்து எலும்பிலிருந்து வரும் வலியெனில் முழங்கைக்குக் கீழும் இறங்கும். விரல்களில் மரத்துப்போதலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இருக்கும். இவற்றைப் பிரித்தறிய மருத்துவரின் கைகளும் கண்களுமே முதல் கருவிகள்.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

“எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா?” என்று பலர் வந்தவுடனே கேட்கின்றனர். பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் அது தேவையில்லை. எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், சுண்ணாம்புப் படிவு ஆகியவற்றை விலக்க ஓர் எக்ஸ்ரே போதுமானது. தசைநாணைக் காண வேண்டுமெனில் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை உதவும்.

ஸ்கேன் அறிக்கையில் ‘பகுதிக் கிழிசல்’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் பலர் நடுங்கிப்போகின்றனர். அவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், தோளில் எந்தத் தொல்லையும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தனர். அவர்களில் 34 விழுக்காட்டினருக்குத் தசைநாணில் கிழிசல் காணப்பட்டது. 60 வயதைக் கடந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருந்தது. அவர்கள் அனைவரும் வலியின்றி வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். தலைமுடி நரைப்பது போலத் தசைநாணிலும் வயதின் தடங்கள் விழுகின்றன. படத்தில் தெரியும் ஒவ்வொரு மாற்றமும் வலிக்குக் காரணமன்று. நாங்கள் சிகிச்சை அளிப்பது படத்திற்கல்ல, மனிதருக்கு.

அறுவை சிகிச்சை பற்றி நாங்கள் மாற்றிக்கொண்ட கருத்து

இப்பகுதியைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம். ஏனெனில் பல குடும்பங்கள் கடன் வாங்குவதா, நகையை அடகு வைப்பதா என்று தடுமாறும் இடம் இதுவே.

அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் 1972-இல் இந்நோய்க்கு ‘இம்பிஞ்ச்மென்ட்’ என்ற விளக்கத்தை வகுத்தளித்தார். அக்ரோமியன் எலும்பின் முன்பகுதி தசைநாணின் மேல் உரசி அதைத் தேய்க்கிறது. ஆகவே அந்த எலும்பைச் சிறிது செதுக்கி இடம் உண்டாக்கினால் வலி தீரும் என்பது அவர் கருத்து. கேட்பதற்கு அது முற்றிலும் நியாயமாக இருந்தது. பின்னர் சிறு துளை வழியே செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி முறை வந்ததும் இந்த அறுவை எங்கும் பரவியது. இங்கிலாந்தில் மட்டும் 2000-ஆம் ஆண்டில் சுமார் 2,500 ஆக இருந்த எண்ணிக்கை 2010-இல் 21,000-ஐக் கடந்தது. எங்கள் முதுநிலைப் படிப்புக் காலத்தில் நாங்களும் இதையே கற்றோம். பயிற்சி பலன் தராதவர்களுக்கு இதையே பரிந்துரைத்தோம். செய்துகொண்ட பலர் நலமடைந்ததையும் கண்டோம். ஆகவே சந்தேகம் எழவில்லை.

ஆனால் அவர்கள் நலமடைந்தது எலும்பைச் செதுக்கியதாலா, அல்லது அதன்பின் எடுத்த ஓய்வாலும் பயிற்சியாலும் காலத்தாலுமா? இக்கேள்விக்கு விடை காண, பிரிட்டனில் 313 நோயாளிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்கு எலும்பு செதுக்கப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்குக் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்துவிட்டு, எலும்பைத் தொடாமல் வெளியே எடுத்தனர். மூன்றாம் பிரிவினருக்கு எந்தச் சிகிச்சையும் தராமல் கண்காணித்தனர். முதலிரு பிரிவினருள் எவருக்கும் தமக்கு எது செய்யப்பட்டது என்று தெரியாது. ‘லான்செட்’ இதழில் 2018-இல் அச்சான முடிவுகளின்படி, எலும்பு செதுக்கப்பட்டவர்களுக்கும் செதுக்கப்படாதவர்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. இவ்விரு பிரிவினரும் சிகிச்சை பெறாதவர்களைவிடச் சற்று முன்னேறியிருந்தாலும், அது நோயாளியின் அன்றாட வாழ்வில் உணரத்தக்க அளவுக்கு இல்லை. அதே ஆண்டில் ‘பி.எம்.ஜே.’ இதழில் வெளியான, 210 நோயாளிகளைக் கொண்ட பின்லாந்து ஆய்வும் இதே முடிவைத் தந்தது. அங்கு இரண்டு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தனர். 2019-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று அதே இதழில் இந்த அறுவையைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உறுதியாக எழுதியது.

ஆகவே நாங்களும் எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். நேற்று சரியென எண்ணிச் செய்ததை இன்று சான்று மறுத்தால் அதை ஒப்புக்கொள்வதே மருத்துவம். ‘எலும்பு தசையை அரைக்கிறது’ என்று நோயாளியிடம் கூறுவதையும் நிறுத்திவிட்டோம். அச்சொல்லைக் கேட்டவர் கையை அசைக்கவே அஞ்சுகிறார். அசையாத தோள் மேலும் பலவீனமாகிறது.

அறுவை சிகிச்சை யாருக்குமே வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. கீழே விழுந்தோ விபத்திலோ நன்றாக இருந்த தசைநாண் முழுவதுமாக அறுந்து, கையைத் தூக்க முடியாமல் போனால் அதைத் தைப்பது பற்றி விரைவில் முடிவெடுக்க வேண்டும். அது வேறு நோய், வேறு அறுவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

பன்னிரண்டு வாரப் பயிற்சி

பயிற்சிக்காக வாரம் மூன்று முறை மருத்துவமனைக்கு வர இயலாது, ஷிப்ட் வேலை, ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று பலர் வருந்துகின்றனர். அவர்களுக்கு ஆறுதலான சான்று உண்டு. பிரிட்டனில் 708 பேரிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், பலமுறை இயன்முறை மருத்துவரிடம் சென்று பயிற்சி செய்தவர்களையும், ஒரே ஒரு முறை ஏறத்தாழ ஒரு மணி நேரம் முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்தவர்களையும் ஒப்பிட்டனர். ஓராண்டில் இரு பிரிவினரின் முன்னேற்றமும் ஒன்றாகவே இருந்தது. ஆகவே முதல் நாளில் நிதானமாகக் கற்றுக்கொள்ளுங்கள். உடன் வருபவர் உங்கள் கைப்பேசியிலேயே அதைப் படம் பிடித்துக்கொள்ளட்டும். பின்னர் வீட்டில் தவறாமல் செய்யுங்கள்.

முதல் இரண்டு வாரங்கள், வலியைத் தணித்து அசைவைக் காத்தல்:

1. ஊசலாட்டம்: நலமான கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கிணற்று வாளி ஆடுவது போல முன்பின்னாகவும் சிறு வட்டமாகவும் ஆட்டுதல். ஒரு நிமிடம், நாளைக்கு மூன்று முறை.
2. மேசைத் தள்ளல்: மேசைமேல் துண்டை விரித்து, அதன்மேல் கையை வைத்து மெல்ல முன்னே தள்ளிப் பின் இழுத்தல். பத்து முறை.
3. தோள்பட்டை ஒடுக்கல்: நிமிர்ந்து அமர்ந்து, இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்புறம் ஒன்றையொன்று நெருங்கச் செய்து ஐந்து விநாடி நிறுத்துதல். பத்து முறை.

மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை, தசையை விழிக்கச் செய்தல்:

4. சுவர் ஏற்றம்: சுவரை நோக்கி நின்று, விரல்களால் படிப்படியாக மேலே ஏறுதல்.
5. கதவு நிலை அழுத்தம்: முழங்கையை விலாவோடு ஒட்டி, இடையில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்து, புறங்கையால் கதவு நிலையை வெளிப்புறமாக அழுத்துதல். கை அசையக் கூடாது; தசை மட்டும் இறுக வேண்டும். பத்து விநாடி வீதம் பத்து முறை.
6. மார்பின் குறுக்கே நீட்டல்: வலிக்கும் கையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து மற்றக் கையால் மென்மையாக அணைத்தல். முப்பது விநாடி.

ஏழாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை, வலுவூட்டல்:

7. ரப்பர் பட்டைப் பயிற்சி: பட்டையைச் சன்னல் கம்பியில் கட்டி, முழங்கை விலாவை விட்டு விலகாமல் வெளிப்புறமாகவும், பின்னர் பின்புறமாகவும் இழுத்தல்.
8. சுவர்த் தண்டால்: சுவரில் கைகளை ஊன்றி உடலைச் சாய்த்து நிமிர்த்துதல்.
9. பாட்டில் உயர்த்தல்: அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்து, கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க, முன்புறத்திற்கும் பக்கவாட்டிற்கும் இடைப்பட்ட திசையில் தோள் உயரம் வரை உயர்த்துதல்.

கடைசி மூன்று பயிற்சிகளையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்துப் பத்தாக மூன்று தடவை செய்தால் போதும்.

வலி இருக்கும்போது செய்யலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பத்து என்பது தாங்க முடியாத வலி என்று கொண்டால், பயிற்சியின்போது நான்கு வரை வலி இருப்பதில் தீங்கில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம். முதல் மூன்று வாரங்களில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். விதைத்த மறுநாள் எவரும் அறுவடைக்குப் போவதில்லை. ஆறாம் வாரத்திற்குப் பிறகே பலர் இரவில் நிம்மதியாக உறங்கத் தொடங்குகின்றனர்.

மாத்திரையும் ஊசியும்

வலி நிவாரணிகள் பயிற்சி செய்ய வழிவிடும் துணை மட்டுமே. பாராசிட்டமால் போதாதபோது அழற்சி குறைக்கும் மாத்திரைகளைச் சில நாட்களுக்குத் தருகிறோம். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் ஆகியவை இருந்தால் முன்னரே கூறுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் உண்பது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வலி உறக்கத்தையும் பயிற்சியையும் தடுக்கும் அளவுக்கு இருந்தால், இடுக்கினுள் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போடுவதுண்டு. மேற்கூறிய 708 பேர் ஆய்வில், ஊசி முதல் சில வாரங்களில் சிறிது நிவாரணம் தந்தது. ஓராண்டு முடிவில் அதனால் கூடுதல் பயன் இல்லை. ஆகவே அது கதவைத் திறக்கும் சாவி. உள்ளே நடந்து செல்ல வேண்டியவர் நீங்களே. திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்வது தசைநாணை வலுவிழக்கச் செய்யும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக ஐ.சி.எம்.ஆர். ஆதரவுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எங்களிடம் தோள் வலியுடன் வருபவர்களிலும் பலருக்குச் சர்க்கரை உண்டு. ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாட்கள் இரத்தச் சர்க்கரை உயரும். ஊசிக்கு முன் அண்மைய பரிசோதனை முடிவைக் காட்டுங்கள். பின் ஒரு வாரம் வரை சர்க்கரையைக் கவனித்துவாருங்கள்.

சுளுக்கு வழித்தல், இறுகக் கட்டுப் போடுதல் ஆகியவை பற்றியும் கேட்கின்றனர். எண்ணெய் தடவி மென்மையாக நீவுவதால் இதம் கிடைக்கலாம். வலுவாக முறுக்கி இழுப்பதும், வாரக்கணக்கில் கையைக் கட்டித் தொங்கவிடுவதும் தோளை இறுகச் செய்துவிடும். அவற்றைத் தவிருங்கள்.

பணியிடத்தில்

முழு ஓய்வு இந்நோய்க்கு மருந்தன்று. அளவறிந்த வேலையே மருந்து. இயன்றவரை வேலையைத் தோள் உயரத்திற்குக் கீழே கொண்டுவாருங்கள். ஒரு சிறு மேடையின் மேல் நின்றால் அதே போல்ட் கண்ணுக்கு நேராக வரும். கையை நீட்டி எட்டிப் பிடிப்பதற்குப் பதில் ஓரடி நெருங்கி நில்லுங்கள். கனமான கருவி மேலிருந்து கம்பியில் தொங்குமானால் அதன் எடை தோளில் இறங்காது. ஒரே பணியில் எட்டு மணி நேரம் நிற்காமல் இரண்டு மணிக்கு ஒருமுறை வேறு பணிக்கு மாற்றித் தருமாறு மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால், குறிப்பிட்ட வாரங்களுக்கு மேல்நோக்கிய வேலை வேண்டாம் என்று நாங்கள் கடிதம் எழுதித் தருகிறோம். ‘ஃபிட்’ அல்லது ‘அன்ஃபிட்’ என்னும் ஒற்றைச் சொல்லைவிட, என்ன வேலை செய்யலாம் என்று விளக்கும் கடிதமே தொழிலாளியின் வேலையைக் காக்கிறது.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர் வேலை போய்விடும் என்றஞ்சி வலியை மறைக்கின்றனர். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்து, நிறுவனமும் ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் கீழ் வந்தால், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அதன் பாதுகாப்பு உண்டு. சந்தா நிபந்தனைகளை நிறைவு செய்தவருக்கு, மருத்துவச் சான்றின்பேரில், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். வேலையின்போது விழுந்து அடிபட்டால், அன்றே அதை நிறுவனத்தின் விபத்துப் பதிவில் எழுதச் செய்யுங்கள்.

குடும்பத்தினருக்கு

நோயாளியின் கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். சட்டை அணிவிக்கும்போது வலிக்கும் கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். இரவில் வலிக்கும் கையின் கீழ் ஒரு தலையணையை வைத்தால் உறக்கம் வரும். துணிக்கொடியை ஒரு முழம் தாழ்த்திக் கட்டுங்கள். தினமும் எடுக்கும் பாத்திரங்களைப் பரணிலிருந்து இடுப்பு உயரத்திற்கு மாற்றுங்கள். வீட்டுப் பெண்ணுக்குத் தோள் வலி என்றால், “மாத்திரை போட்டுக்கொள்” என்று சொல்லிவிட்டு அதே வேலைகளை அவரிடமே விட்டுவிடாதீர்கள். துணி உலர்த்துவதையும் ஒட்டடை அடிப்பதையும் மூன்று மாதம் மற்றவர் ஏற்றுக்கொள்வது எந்த மருந்துக்கும் குறைந்ததன்று.

உடனே மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

• விழுந்தபின் அல்லது திடீரெனக் கனம் தூக்கியபின் கையை உயர்த்தவே முடியாமை, தோளின் வடிவம் மாறுதல்.
• காய்ச்சலுடன் தோள் சிவந்து வீங்குதல்.
• கையில் மரத்துப்போதல், விரல்களில் வலுவிழப்பு.
• காரணமின்றி எடை குறைதல், தோளில் கட்டி, ஓய்விலும் இரவிலும் இடைவிடாத வலி.
• நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் தோளிலோ கையிலோ வலி. இது மாரடைப்பாக இருக்கலாம். தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நிறைவாக

சில மாதங்களுக்கு முன் நாற்பதுகளில் உள்ள ஓர் ஆலைத் தொழிலாளி, எம்.ஆர்.ஐ. படத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் முன் அமர்ந்திருந்தார். ‘பகுதிக் கிழிசல்’ என்ற சொல்லை அடிக்கோடிட்டிருந்தார். அருகில் இருந்த அவர் மனைவி, “எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள், டாக்டர். வளையலை வைத்துவிடலாம்” என்றார். நாங்கள் அவருக்கு ஒரு ரப்பர் பட்டையையும் மேலே கண்ட ஒன்பது பயிற்சிகளையும் ஆலைக்கு ஒரு கடிதத்தையும் தந்தோம். இருவருக்கும் அது ஏமாற்றமாகவே இருந்தது என்பதை அவர்கள் முகத்திலேயே கண்டோம். ஒரு மாதம் கழித்து வந்தபோது, “பெரிதாக ஒன்றும் குறையவில்லை” என்றார். தொடரச் சொன்னோம். மூன்றாம் மாதம் வந்தார். வலி முழுவதும் போகவில்லை. மழை நாளில் இன்னும் சற்றுத் தெரிகிறது என்றார். ஆயினும் இரவில் உறங்குகிறார். லைனில் வேலை செய்கிறார். பேருந்தில் கம்பியை மறுகையால் பிடிக்கப் பழகிக்கொண்டார். அவர் மனைவியின் கைகளில் வளையல்கள் இருந்தன.

இந்நோயைப் பொறுத்தவரை எங்கள் கத்தியைவிட உங்கள் கையே வலிமை வாய்ந்தது. அதற்கு வழிகாட்ட நாங்கள் இருக்கிறோம். நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பன்னிரண்டு வாரம் பொறுத்திருங்கள். ஐயம் எழுந்தால் வந்து கேளுங்கள்.